சாயவேர்

மயிலாப்பூரின் கிழக்கே அமைந்தது சாந்தோம் கடற்கரை. அதிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் அடையாற்றின் கழிமுகத்தை அடைவர். அதற்கு அப்பால் திருவான்மியூரும், மேலும் தெற்கே மாமல்லபுரமுமாகக் கடலோர மணல்வெளி நீண்டு செல்கின்றது. சோழமண்டலக் கரை எனப்படும் இக்கரையின் மணற்பாங்கான நிலங்களில் சிறு பூண்டு ஒன்று வளர்கின்றது. அது காலால் மிதிபடும் அளவிற்குத் தாழ்ந்தது. கண்ணைக் கவரும் பெருமலரோ நாவிற்கினிய கனியோ அதனிடம் இல்லை. வழிச்செல்வோர் அதனைப் புல்லென்றே எண்ணிக் கடந்து போவர். எனினும் அப்பூண்டின் வேர், ஒரு காலத்தில் ஐரோப்பியச் செல்வர்களின் மாளிகைகளில் தொங்கிய திரைச்சீலைகளுக்குச் செந்நிறம் ஈந்தது. தமிழ் மருத்துவருக்கோ குருதிப்போக்கை அடக்கும் மருந்தாகப் பயன்பட்டது. அதுவே சாயவேர்ச் செடியாகும்.

செடியின் இயல்பு

சாயம் தரும் வேரையுடையது ஆதலின் இச்செடி சாயவேர் எனப்பட்டது. சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என வழங்குவர். தெலுங்கு நாட்டார் இதற்கு இட்ட பெயர் சிரிவேரு என்பது. சென்னையில் வாணிகம் செய்த ஆங்கிலேயர், ‘சாயவேர்’ என்னும் தமிழ்ச்சொல்லின் முற்பகுதியைத் தம் நாவிற்கேற்பத் திரித்துச் ‘சாய்’ என்றும் ‘சோய்’ என்றும் எழுதிவைத்தனர். இவ்வாறு தமிழ்ச் சொல் ஒன்று வணிகச் சரக்கோடு கப்பலேறி ஆங்கில மொழியிற் புகுந்தது.

செடிநூலார் இதனை ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா எனப் பெயரிட்டுக் காப்பிச் செடியின் குடும்பத்துள் சேர்ப்பர். நுணா, வெட்சி, மஞ்சிட்டி ஆகியனவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இவற்றுள் நுணாவின் வேரும் மஞ்சிட்டியின் வேரும் சாயம் தருவன என்பது கருதத்தக்கது. உருவத்தால் வேறுபட்டு நிற்கும் இச்செடிகள் வேரின் தன்மையால் தாம் ஒரு குடியினர் என்பதைக் காட்டுகின்றன.

சாயவேர்ச் செடியின் இலைகள் குறுகியவை. தண்டில் எதிரெதிராக அமைந்தவை. மலர்கள் மிகச் சிறியனவாய் வெண்ணிறத்துடன் கொத்தாகத் தோன்றும். காய்களும் சிறியன, அவற்றினுள் இருக்கும் விதைகளோ மண்துகளினும் நுண்ணியன. செடியின் சிறப்பெல்லாம் மண்ணுக்குள்ளேதான் மறைந்துள்ளது. மேற்பரப்பில் ஈரம் நில்லாத மணலில் வாழ்வதாதலின், அது மெல்லிய நீண்ட வேரைக் கீழ்நோக்கிச் செலுத்துகின்றது. புதிதாகத் தோண்டிய வேரின் தோல் செம்மஞ்சள் நிறமாயிருக்கும். தோலை நீக்கினால் உள்ளே இருக்கும் மரப்பகுதி வெளிறித் தோன்றும். சாயப்பொருள் முழுவதும் தோலிலேயே தங்கியிருப்பதே அதற்குக் காரணம்.

ஆங்கில வணிகக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் செடிநூலறிஞர், சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி எழுதிய நூலின் முதற்பகுதியை 1795ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் சாயவேரின் வண்ணப்படமும், அதனைப் பயிரிடும் முறையும், அதனால் துணிக்குச் சாயமேற்றும் வகையும் இடம்பெற்றன. பயிரிட்ட செடியின் வேர் நீளத்தால் மிக்கது. தானே முளைத்த செடியின் வேர் குட்டையானது. எனினும் சாயக்காரர் பின்னதையே பெரிதும் விரும்பினர். அதில் சாயச்சத்து மிகுதி என்பது அவர்கள் பட்டறிவால் கண்ட உண்மை.

மருந்தாகும் பூண்டு

இருமலுக்கும், இருமும்போது குருதி வெளிப்படும் நோய்க்கும் இம்பூறலைச் சித்த மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். இதன் வேரையும் இலையையும் குடிநீராகக் காய்ச்சியும், பிற மருந்துச் சரக்குகளோடு சேர்த்தரைத்து வடகமாக்கியும் வழங்குவர். இம்பூறல் வடகம் என்பது சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற மருந்துகளுள் ஒன்று.

இம்பூறலின் மருத்துவப் பண்புகளை இக்கால அறிவியலாரும் ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும் ஆய்வுக்கூடத்திற் கண்ட பயன் நோயாளியிடத்தும் உறுதிப்பட வேண்டும். அதன்பின்னரே அதனை ஐயமற்ற முடிபாகக் கொள்ளல் தகும். மேலும், இருமலிற் குருதி தோன்றுதல் காசநோய் முதலிய கொடிய பிணிகளின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். ஆகவே அந்நிலையில் ஒருவர் தாமே வேரைத் தோண்டி மருந்து செய்து உண்ணுதல் அறிவுடைமை ஆகாது. காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகுதலே முறையாகும்.

துணி சிவக்கும் விந்தை

செம்மஞ்சள் நிற வேரிலிருந்து செக்கச்சிவந்த சாயம் தோன்றுவது எவ்வாறு? சாயவேரை நீரில் இட்டுக் காய்ச்சி, அதில் வெள்ளைத் துணியை அப்படியே நனைத்தால் நல்ல சிவப்பு உண்டாவதில்லை. மங்கலான நிறமே ஏறும். அதுவும் சலவையில் அகன்றுவிடும். துணியையும் சாயத்தையும் பிணைக்க இடையில் ஒரு பொருள் வேண்டும். அதனை நிறமூன்றி என்பர். சாயவேருக்கு ஏற்ற நிறமூன்றி, நம் இல்லங்களில் நன்கறிந்த படிகாரமே.

நம் நாட்டுச் சீலை எழுதுவோர் இதனைப் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் முதலிற் பருத்தித் துணியைச் சாணநீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்து வெளுப்பர். பின்னர் அதனைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நிறமூன்றியைத் துணியிற் பற்றச் செய்யும். பாலின் கொழுப்போ எழுதும் நீர் இழைகளில் ஊறிப் பரவாமல் தடுக்கும்.

அதன்பின் ஓவியம் தொடங்கும். மூங்கிற் குச்சியைக் கூராகச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளி இழையைச் சுற்றிக் கட்டுவர். அதுவே அவர்களது எழுதுகோல். கம்பளி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த நீர் முனைவழியே இறங்கும். கருங்கோடு வேண்டிய இடத்தில், இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரால் எழுதுவர். அந்நீர் கடுக்காயின் துவர்ப்பொடு கூடியவுடன் கருமை பிறக்கும். செந்நிறம் வேண்டிய இடத்திலோ படிகார நீரால் எழுதுவர். படிகார நீருக்கு நிறம் இல்லையாதலின், எழுதிய இடம் கண்ணுக்குப் புலப்படாது. அதன்பொருட்டுப் பதங்கக் கட்டையின் சாயத்தைச் சிறிது அதிற் கலந்துகொள்வர்.

எழுதி உலர்ந்த துணியை ஓடும் நீரில் அலசி, மிகுதியான படிகாரத்தை நீக்குவர். பின்னர்ச் சாயவேர்ப் பொடி இட்ட கொப்பரையில் அதனை அமிழ்த்தி மெல்லச் சூடேற்றுவர். வெளியே எடுக்கும்போது துணி முழுவதும் நிறம் படிந்தே காணப்படும். ஆனால் மீண்டும் சாணநீரில் நனைத்து வெயிலில் உலர்த்தினால், படிகாரம் படாத இடங்களின் நிறம் அகன்று வெண்மை தோன்றும்; படிகாரம் பட்ட இடங்களின் சிவப்போ அழியாது நிலைக்கும். கொப்பரையில் உள்ள சாயம் ஒன்றே; துணியின்மேல் எழுதிய நிறமூன்றிக்கு ஏற்ப நிறம் வேறுபடுகின்றது. படிகாரம் பட்ட இடம் சிவக்க, இரும்பு பட்ட இடம் கருமையும் ஊதாவுமாக மாறும். கைவன்மை மிக்க தொழிலாளர் படிகார நீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் இளஞ்சிவப்பு முதல் ஆழ்சிவப்பு வரையிலான நிறங்களை ஒரே கொப்பரையிலிருந்து எடுத்தனர்.

வேதியியலார் இவ்விந்தைக்குரிய காரணத்தைப் பிற்காலத்திற் கண்டனர். சாயவேரின் தோலில் அலிசரின் என்னும் பொருள் உள்ளது. அது படிகாரத்தில் அடங்கிய அலுமினியத்தோடும், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தோடும் இணைந்து நீரிற் கரையாத செந்நிறப் பொருளாகின்றது. அவ்விணைப்பு இழைகளுக்கிடையே நிகழ்வதால் நிறம் துணியோடு ஒன்றிவிடுகின்றது. கிளிஞ்சலும் சிப்பியும் நொறுங்கிக் கலந்த கடலோர மண்ணில் விளைந்த வேரையும், சில ஊர்க் கிணற்று நீரையும் சாயக்காரர் தேர்ந்து கொண்டமைக்குச் சுண்ணாம்புச் சத்தின் இப்பயனே காரணமாகலாம். வேதியியல் என்னும் பெயரை அவர்கள் அறியார். ஆயினும் அதன் பயனை அறிந்து ஆண்டனர்.

கடல் கடந்த செந்நிறம்

வெயிலில் வெளிறாமலும் சலவையில் கரையாமலும் நிற்கும் இச்சாயம் அயல்நாட்டு வணிகரைக் கவர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர், சாந்தோமிலிருந்து எழுத்துச் சீலைகளை மலாக்காவிற்கு ஏற்றுமதி செய்தனர். 1639ஆம் ஆண்டில் ஆங்கில வணிகக் கழகத்தார் சென்னையில் இடம்பெற்றமைக்கும், இப்பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தமையே தலையாய காரணம். 1734ஆம் ஆண்டில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் கரையில் நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சீலை எழுதுவோர் ஆகியோருக்காகவே ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. சின்னத் தறிகள் நிறைந்த அவ்வூரே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

ஐரோப்பாவில் இச்சீலைகளுக்கு இருந்த வேட்கை அங்குள்ள நெசவாளரை அச்சுறுத்தியது. பிரான்சு நாடு 1686ஆம் ஆண்டிலேயே இவற்றிற்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தால் இறக்குமதியைத் தடுத்தது; 1721ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தால் உடுத்துவதையும் தடுத்தது. ஒரு நாட்டுத் தொழிலாளரின் கைத்திறனை அஞ்சி வேறு நாடுகள் சட்டம் இயற்றின எனின், அத்திறனின் உயர்வு சொல்லாமலே விளங்கும்.

துணியை வாங்கியவர்கள் அதன் மறைபொருளையும் அறிய விரும்பினர். புதுச்சேரிப் பகுதியில் வாழ்ந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சீலை எழுதுவோரிடம் கேட்டறிந்த செய்முறைகளை 1742ஆம் ஆண்டில் விரிவான மடலாக எழுதித் தம் நாட்டிற்கு அனுப்பினார். கடுக்காய், பால், படிகாரம், சாயவேர் ஆகிய அனைத்தும் அம்மடலில் முறைப்படக் கூறப்பட்டுள்ளன. நம்மவர் தந்தையிடமிருந்து மகன் கற்கும் வழக்கத்தையே நம்பியிருந்தனர். அதனை ஏட்டில் எழுதிவைத்தவரோ அயல்நாட்டார். பிற்காலத்தில் இத்தொழில் நலிந்தபோது இவ்வேறுபாடு பெரிதாயிற்று.

சீலையின் அழகைப் பாராட்டும்போது, வேரைத் தோண்டியவரின் உழைப்பையும் மறத்தல் ஆகாது. வெயில் கொதிக்கும் மணலில் குனிந்து, மெல்லிய வேர் அறுபடாமல் தோண்டியெடுத்தல் எளிய செயலன்று. இலங்கையின் வடபகுதியிலும் மன்னாரிலும் விளைந்த சாயவேர் மிகவும் பெயர்பெற்றது. ஒல்லாந்தர் அங்கு ஆண்ட காலத்தில் அவ்வணிகத்தைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்டனர். வேர் தோண்டுதலைச் சில குடியினர்மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தினர். மாளிகையில் மிளிர்ந்த செந்நிறத்தின் பின்னே, பெயர் அறியப்படாத ஏழை மக்களின் வியர்வையும் கலந்திருந்தது.

நிலக்கரித் தாரில் பிறந்த சாயம்

1856ஆம் ஆண்டில் இலண்டனில் பதினெட்டு வயது மாணவராயிருந்த வில்லியம் ஹென்றி பெர்க்கின், குளிர்காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைச் செய்ய முயன்றார். மருந்து உண்டாகவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று உண்டாயிற்று. செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. 1868ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய அறிஞர் இருவர், நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீன் என்னும் பொருளிலிருந்து அலிசரினையே செய்து காட்டினர். மறு ஆண்டில், அதனை மலிவாகச் செய்யும் முறைகள் செருமனியிலும் இங்கிலாந்திலும் ஏறத்தாழ ஒரே காலத்திற் காணப்பட்டன. இங்கிலாந்தில் அதனைக் கண்டவர் அதே பெர்க்கின் ஆவார்.

இதன் விளைவு விரைந்து தோன்றியது. பிரான்சு நாட்டில் மஞ்சிட்டியின் இனமான சாயச்செடியைப் பயிரிட்ட உழவர் தம் வயல்களைக் கைவிட்டனர். நம் நாட்டிலும் சாயக்காரர் அயல்நாட்டு அலிசரினை வாங்கத் தலைப்பட்டனர். தோண்டவும், உலர்த்தவும், பொடிக்கவும் வேண்டாத சாயம் கடையிற் கிடைக்கும்போது வேரை நாடுவோர் யார்? சில பத்தாண்டுகளில் சாயவேர் வணிகம் தேய்ந்து மறைந்தது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. 1893ஆம் ஆண்டில் சாயவேரின் நிறப்பொருள்களைப் பகுத்தாராய்ந்து, அதில் அலிசரின் உள்ளமையை ஹம்மல் என்பவரோடு சேர்ந்து எடுத்துரைத்தவர் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின். அவர் வில்லியம் ஹென்றி பெர்க்கினின் மைந்தர். சாயவேரின் பயனை ஒழித்த சாயத்தைத் தந்தை செய்தார்; அவ்வேரின் இயல்பை மைந்தர் ஆராய்ந்து விளக்கினார். வேரின் உண்மை விளங்கிய காலத்தில் வேரை வாங்குவோர் அருகிவிட்டனர்.

இழந்ததும் எஞ்சியதும்

இன்று தியாகராய நகரின் துணிக்கடைகளில் செந்நிறச் சேலைகள் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் நிறம் பெரும்பாலும் செயற்கைச் சாயத்தால் வந்தது. இதனைத் தீமை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. செல்வர்க்கே உரியதாயிருந்த பலவகை நிறங்களை எளியோரும் உடுத்துமாறு செய்தது அச்சாயமே. செயற்கை அலிசரினும் வேரின் அலிசரினும் பொருளால் ஒன்றே. எனினும், சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நம் ஆறுகளைக் கெடுத்த கதையையும் தமிழ்நாடு நன்கு அறியும்.

நாம் இழந்தது செந்நிறத்தை அன்று. அதனை உண்டாக்கிய அறிவையே இழந்தோம். எந்த மண்ணின் வேர் சிறந்தது, எந்த நீர் ஏற்றது, கொப்பரையின் சூடு எவ்வளவு, வெயிலில் எத்தனை நாள் உலர்த்துவது என்பனவற்றைச் சீலை எழுதுவோரின் கையும் கண்ணும் அறிந்திருந்தன. தொழில் நின்றபோது அவ்வறிவைப் பெற மைந்தர் முன்வரவில்லை. செடி மணலில் முளைத்துக்கொண்டே இருந்தது; அதனை அறிந்தோர் மறைந்தனர்.

ஆயினும் அந்த அறிவு முற்றும் அற்றுப்போகவில்லை. 1936ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் தோற்றுவித்த கலாட்சேத்திரம், பின்னர்த் திருவான்மியூரில் நிலைபெற்று, நடனத்தோடும் இசையோடும் நெசவையும் போற்றி வளர்த்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் அளித்த ஊக்கத்தால், இயற்கைச் சாயத்தால் சீலை எழுதும் கலைக்கும் அங்கு இடம் உண்டாயிற்று. சோழமண்டலச் செந்நிறம் பிறந்த கரையிலேயே அக்கலை மீண்டும் பயிலப்பட்டமை பொருத்தமுடையது.

எனினும் வேருக்காகவே வளர்க்கும் செடிக்கு ஓர் இடர் உண்டு. இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே மாயும். கடற்கரை மணல்வெளிகளில் கட்டடங்கள் பெருகிவரும் இக்காலத்தில், தானே முளைக்கும் செடிகளைத் தோண்டித் தீர்த்தல் தகாது. பயிரிட்டு எடுத்தலே முறை. அறிஞர் சிலர், செடியின் சிறு கூற்றிலிருந்து ஆய்வகத்தில் வேர்களை மட்டும் தனியே வளர்க்கும் வழியையும் ஆராய்ந்துள்ளனர். அவ்வழி பெருகுமாயின், மணலில் உள்ள செடியும் பிழைக்கும். அதன் சாயமும் கிடைக்கும்.

இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டல எழுத்துச் சீலைகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றை எழுதியவர் யார் என்பதை எவரும் அறியார். ஆனால் அவர்கள் ஏற்றிய சிவப்பு நூற்றாண்டுகள் கடந்தும் மங்காமல் இருக்கின்றது. நம் ஊர்களில் பெரியோர் சிலருடைய கையிலும் கண்ணிலும் இன்னும் தங்கியிருக்கும் மருந்தறிவும் தொழிலறிவும் எத்துணையோ! அவற்றைக் கேட்டறிதலும், ஆராய்ந்து மெய் காணுதலும், எழுதிவைத்தலும் இளைஞர் கடனாகும். காலடியில் வளரும் சிறு பூண்டையும் இன்னதென அறிந்து நோக்கும் பழக்கத்திலிருந்து அக்கடமை தொடங்குகின்றது.